ஓசூர் கேபிள் அறைக்குள் ஒரு கால்பந்து ராத்திரி

செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள். உள்ளே தூசி போனால் அண்ணனுக்குக் கோபம் வரும். தலையைக் குனிந்து வாருங்கள், நிலைப்படிக்கு மேலே கறுப்பு கேபிள் ஒன்று தொங்குகிறது. அவ்வளவுதான், வந்துவிட்டோம்! ஓசூர் பாகலூர் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்து, இரண்டாவது மாடி, பத்துக்குப் பத்து அறை. சுற்றுவட்டாரத்தில் பல தெருக்களுக்குப் படம் போகிற இடம் இதுதான். கேபிள்காரர்கள் கண்ட்ரோல் ரூம் என்பார்கள். மாதா மாதம் வாசலில் வந்து காசு வாங்கிப் போகிற ஆளை நம் எல்லோருக்கும் தெரியும். அவர் திரும்பிப் போய் எங்கே உட்காருகிறார் என்று யார் பார்த்திருக்கிறோம்? உள்ளே கால் வைத்ததும் எனக்கு நிலைகொள்ளவில்லை.

2025 டிசம்பர் 20, மார்கழி பிறந்து முதல் சனிக்கிழமை. வெளியே ஓசூருக்கே உரிய குளிர், காதை மூடச் சொல்கிறது. உள்ளே ஒரே ஒரு ஏசி. அதன் முகம் முழுக்க மெஷின் அடுக்கின் பக்கம் திரும்பியிருக்கிறது. ஆட்கள் உட்காரும் மூலையில் புழுக்கம், எல்லோர் சட்டையும் முதுகில் ஒட்டிக் கிடக்கிறது. அடுக்கில் பச்சை விளக்குகள் சிமிட்டுகின்றன, விசிறிகள் ஓயாமல் இரைகின்றன, கீழே வரிசையாக இன்வெர்ட்டர் பேட்டரிகள். மேலே சந்திரசூடேஸ்வரர் படம், அதற்கு வாடாத ரோஜா மாலை. ஓசூரில் ரோஜாவுக்கா பஞ்சம்!

மூலையில் பாருங்கள்: வீடு மாறிப் போனவர்கள் திருப்பிக் கொடுத்த செட்-டாப் பாக்ஸ்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கின்றன. ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைய ரிமோட்டுகள், பாதிக்கு ரப்பர் பேண்டு போட்டிருக்கிறது. சுவரில் பென்சிலால் எழுதிய போன் நம்பர்கள், தமிழில் சில, கன்னடத்தில் சில, தெலுங்கில் சில. "மூணு மொழியும் படிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் இங்க வேலை" என்று சிரிக்கிறார் அண்ணன். உரிமையாளர் அவர். ஐம்பதைத் தாண்டிய வயது, காதில் செருகிய பேனா, இடுப்பில் டெஸ்டர். இருபது வருஷத்துக்கும் மேலாக இந்தத் தொழில்.

இங்கே மணி எட்டரை. சின்ன மானிட்டரில் மான்செஸ்டர் சிட்டி ஆட்டம் தொடங்குகிறது. அங்கே இங்கிலாந்தில் மதியம் மூன்று மணி. ஒரு சேதி சொல்கிறேன், கேளுங்கள். இந்த ஆட்டத்தை இங்கிலாந்தில் இருப்பவர்கள் டிவியில் நேரலையாகப் பார்க்க முடியாது! சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் அங்கே டிவியில் நேரலையாகக் காட்டக் கூடாது என்று 1960களிலிருந்து ஒரு விதி. சின்ன ஊர் அணிகளின் மைதானத்தில் கூட்டம் குறைந்துவிடும் என்ற கவலையில் போட்டது. மான்செஸ்டரில் டிக்கெட் கிடைக்காத ரசிகர் வானொலியைத் திருகிக்கொண்டிருக்கும் நேரத்தில், ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு லேத் ஆபரேட்டர் கால்மேல் கால் போட்டு அதே ஆட்டத்தைப் பார்க்கிறார். இதை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது. அந்த நாட்டில் இங்கிலீஷ் லீக்கைக் காட்ட நான்கு சீசனுக்கு 670 கோடி பவுண்டு கொடுத்து ஸ்கை, டிஎன்டி நிறுவனங்கள் உரிமை வாங்கியிருக்கின்றன. அப்படியும் சீசனின் 380 ஆட்டங்களில் சுமார் 270தான் அவர்களுக்கு.

போன் அடிக்கிறது. அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுப்பவர் கணக்குப் பார்க்கும் அக்கா. கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு கையில் மவுஸ், மறு கையில் போண்டா.

"அக்கா, லிவர்பூல் மேட்ச் எதுல வரும்?"

"ஸ்டார் செலக்ட். உங்க பேக்ல இல்ல தம்பி. ஆட் பண்ணட்டுமா?"

"எவ்ளோக்கா?"

"சேனல் விலையும் வரியும்தான். சரியா, போடவா?"

இந்த உரையாடல் அன்று மாலை எத்தனை முறை நடந்தது என்று அக்காவுக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் அவர் அதே பொறுமையோடு சொல்கிறார். போண்டாதான் ஆறிக்கொண்டே போகிறது.

பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருங்கள், அவருடைய நீல நோட்டைக் காட்டச் சொல்கிறேன். ஒரு வீட்டுக் கணக்கு. 2019 பிப்ரவரியில் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த முறைப்படி, எந்தச் சேனலும் பார்க்கும் முன்பே இணைப்புக் கட்டணம் என்று அதிகபட்சம் 130 ரூபாய் வைத்தார்கள். 18 சதவீத வரியோடு 153 ரூபாய் 40 காசு. அந்த உச்சவரம்பை 2024இல் எடுத்துவிட்டார்கள். அதற்கு மேல் கட்டணச் சேனல்கள். சேலத்திலோ மதுரையிலோ இருந்தால் தமிழ்த் தொகுப்போடு முடிந்துவிடும். இங்கே மாமியாருக்குக் கன்னட சீரியல், மாமனாருக்குத் தெலுங்குப் படம், மருமகளுக்குத் தமிழ். எல்லைப்புறக் குடும்பம் மூன்று தொகுப்புக்குக் காசு கட்டிய பிறகுதான் பையனின் கால்பந்துக்கு வருகிறது. "பந்து எப்பவும் கடைசி வரியிலதான் இருக்கும்" என்று அக்கா விரலால் தொட்டுக் காட்டினார். சில வீடுகளில் அந்த வரியைக் கோடு போட்டு அடித்திருந்தது. பரீட்சை மாதங்கள் அவை.

ஒரு சேனலைத் தொகுப்பில் சேர்க்க வேண்டுமானால் அதன் விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது. நடுவில் அதை 12 ஆக்கினார்கள், 2022 நவம்பரில் மறுபடி 19 ஆயிற்று. வரியோடு 22 ரூபாய் 42 காசு. இதில் இந்த அறைக்கு எவ்வளவு என்று கேட்டேன். அண்ணன் காதிலிருந்த பேனாவை எடுத்தார். "வரியை விடுங்க சார். பத்தொம்பதுல எண்பது பர்சன்ட் சேனல்காரங்களுக்கு. மிச்சம் மூணு ரூவா எண்பது காசு. அதுல ஐம்பத்தஞ்சு பர்சன்ட் எங்களுக்குச் சிக்னல் தர்ற பெரிய கேபிள் கம்பெனிக்கு, எம்எஸ்ஓவுக்கு. எங்களுக்கு நாப்பத்தஞ்சு." பெருக்கி எழுதி அடியில் கோடு போட்டார்: 1 ரூபாய் 71 காசு. தனி ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது விதி சொல்லும் பங்கீடு அதுதான். லண்டனிலிருந்து கிளம்பிய பந்தைக் கடைசி நூறு மீட்டர் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குள் வைக்கிறவருக்கு மாதம் முழுவதற்கும் ஒரு ரூபாய் எழுபத்தொரு காசு. அந்தக் காகிதத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அதற்குள் அக்காவின் குரல் உயர்ந்தது. "அண்ணா, மூக்கண்டப்பள்ளி பக்கம் மொத்தமா போச்சு!"

மணி ஒன்பதே கால். ஒரே நேரத்தில் மூன்று போன். அடுக்கில் ஒரு பச்சை விளக்கு சிவப்பாகியிருக்கிறது. எங்கேயோ ஃபைபர் அறுந்துவிட்டது. லைன் பார்க்கும் தம்பி ஏற்கெனவே ஹெல்மெட்டோடு வாசலில் நிற்கிறார். "வர்றீங்களா சார்?" என்று கேட்டதுதான் தாமதம், நான் பைக்கின் பின்னால்! மடியில் ஸ்ப்ளைஸ் மெஷின் பை, தோளில் ஏணி. "மெஷினைக் கீழ வுட்றாதீங்க சார், என் சம்பளம் வருஷக்கணக்குல போயிடும்" என்று தம்பி கத்திக்கொண்டே ஓட்டினார். நான் அதைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

சிப்காட் சாலையில் சனிக்கிழமை இரவு போய்ப் பார்த்திருக்கிறீர்களா? டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன, கம்பெனி பஸ்கள் வெளிச்சத்தைப் பீய்ச்சிக்கொண்டு போகின்றன, தள்ளுவண்டியில் முட்டை தோசை கருகும் வாசனை. ஒரு திருப்பத்தில் உயரமான மெஷின் ஒன்றை ஏற்றி வந்த லாரி கேபிளை இழுத்துக்கொண்டு போயிருந்தது. அறுந்த முனை ரோட்டில் கிடந்தது. டிரைவர் பஞ்சாப்காரர், இறங்கி நின்று கையைப் பிசைந்தார். தம்பி அவரைத் திட்டவில்லை. "டார்ச் புடிங்க பாஜி" என்று வேலை கொடுத்தார்.

இனி நடந்ததை நான் வாய் பிளந்து பார்த்தேன். கறுப்பு உறையைக் கத்தியால் கீறினார். உள்ளே வண்ண வண்ணக் குழல்கள், அதற்குள்ளே தலைமுடியளவுக் கண்ணாடி இழை. நீலம் நீலத்தோடு, ஆரஞ்சு ஆரஞ்சோடு. இழையைத் துடைத்து, நறுக்கென்று வெட்டி, இரண்டு முனைகளையும் மெஷினுக்குள் எதிரெதிரே வைத்து மூடினார். உள்ளங்கையளவுத் திரையில் இரண்டு முனைகளும் பூதாகாரமாகத் தெரிந்தன. தாமாகவே நகர்ந்து நேருக்கு நேர் வந்தன. சட்டென்று ஒரு பொறி. ஒட்டிக்கொண்டது! குளிரில் எனக்குப் பல் கிட்டுகிறது, தம்பியின் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து நிற்கிறது. துடைக்கக் கை இல்லை. பஞ்சாப் டிரைவர் தன் துண்டால் ஒற்றிவிட்டார். அடுத்த இழை. அடுத்தது.

பாதியில் அவருடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னார். "டேய், எப்போடா வரும்? ஹாஃப் டைமே முடிஞ்சிடுச்சு!" பின்னால் இன்னும் நாலைந்து குரல்கள் மலையாளத்தில். தம்பி கண்ணை எடுக்காமல், "பதினோரு மணி மேட்ச் பார்த்துருவீங்க சேட்டா, என் பொறுப்பு" என்றார். இந்த வாக்கு இந்த ஊரில் பெரியது. காரணம் சொல்கிறேன். செகண்ட் ஷிப்ட் இரவு பத்து மணிக்கு விடும். கம்பெனி பஸ் இறக்கிவிட்டு, குளித்து, தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் சரியாகப் பதினொன்று. குளிர்காலச் சனிக்கிழமைகளின் மாலை ஆட்டம் நமக்குப் பதினோரு மணிக்குத்தான் தொடங்குகிறது. இங்கிலாந்துக்காரர்கள் ஓசூர் ஷிப்ட் பார்த்து நேரம் குறித்தார்களோ என்று தோன்றும்.

பத்தரைக்குக் கடைசி இழை ஒட்டியது. தம்பி போன் செய்தார். மறுமுனையில் ஆரவாரம் கேட்டது. ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை, விளம்பரம் ஓடுகிறது, அதற்கே ஆரவாரம்.

போன் போட்டவர்கள் தங்கியிருக்கும் விடுதிக்கும் போய் எட்டிப்பார்த்தோம். மூன்று மாடி, அறைக்கு நாலைந்து பேர், படிக்கட்டு முழுக்க சேஃப்டி ஷூ. கேரளத்துப் பையன்கள், மணிப்பூர், மிசோரம், வங்காளம், ஒடிசா. இரு சக்கர வாகனம், கடிகாரம், லாரி, போன் பாகம் என்று பகலில் ஆளுக்கொன்று செய்கிறவர்கள். பொது அறையில் ஒரே டிவி, அதன் கட்டணத்தை எல்லோரும் பகிர்ந்து கட்டுகிறார்கள். யார் கட்டினார்கள் என்று கதவுக்குப் பின்னால் சாக்பீஸ் கணக்கு. மேல் மாடியில் ஒரு கோஷ்டி மொபைலில் பார்க்கிறது. செயலியில் வருகிற படம் கேபிளைவிட அரை நிமிடம் வரைக்கும் பிந்தித்தான் வரும். கீழே கோல் என்று கத்தினால் மேலே இருப்பவர்களுக்கு ஆட்டம் கெட்டுப்போகிறது. அதனால் விடுதியில் ஒரு சட்டம்: கோல் விழுந்தால் கீழ் மாடி வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும், மேல் மாடி கத்திய பிறகுதான் கத்தலாம். ஒரு மிசோ பையன் தலையணையை வாயில் வைத்துக் காட்டினான். அதற்கென்றே வைத்திருக்கிற தலையணை!

அவர்கள் அத்தனை பேரும் புலம்பும் விஷயம் ஒன்று உண்டு. இங்கிலீஷ் லீக் வேண்டுமானால் ஜியோஸ்டார். 2028 வரைக்கும் உரிமை அவர்களிடம். சாம்பியன்ஸ் லீக்கும் ஜெர்மன் லீக்கும் சோனி. ஸ்பெயின் லீக் ஃபேன்கோட் செயலியில். பார்சிலோனா ரசிகன் ஒருவன் ஒரே அணியைப் பின்தொடர இரண்டு இடத்தில் பணம் கட்டுகிறான்: உள்ளூர் லீக்குக்கு ஒன்று, சாம்பியன்ஸ் லீக்குக்கு ஒன்று. "டீம் ஒண்ணுதானே சேட்டா?" என்று என்னிடம் கேட்டான். நியாயமான கேள்வி. உரிமையைத் துண்டு துண்டாக விற்பதில் லீக்குகளுக்கு லாபம். துண்டுகளைச் சேர்த்துவைக்கும் செலவு, சாக்பீஸ் கணக்கு எழுதுகிற இந்தப் பையன்களுக்கு.

கண்ட்ரோல் ரூமுக்குத் திரும்பினோம். டீ வந்திருந்தது. அண்ணன் பழைய கதைக்குள் போய்விட்டார், நானும் விடவில்லை.

2002. கொரியாவிலும் ஜப்பானிலும் உலகக் கோப்பை. ஆட்டங்கள் நமக்குப் பட்டப்பகலில்: பன்னிரண்டு, இரண்டரை, ஐந்து மணி. புதிதாக வந்த டென் ஸ்போர்ட்ஸ் சேனலிடம் உரிமை. காசு கட்டாமல் படம் காட்டிய கேபிள்காரர்கள் நாடு முழுக்க இருந்தார்கள். யார் யார் என்று பெயர் தெரியாது. அந்த ஜூன் மாதம் டெல்லி உயர் நீதிமன்றம், பெயர் தெரியாதவர்கள்மீதும் செல்லுபடியாகும் ஓர் ஆணையைப் போட்டது. ஆணையர்கள் கேபிள் அறைகளுக்குள் போய்ச் சோதனையிடலாம். இந்தியாவில் அப்படிப்பட்ட முதல் ஆணை அது என்று சட்டக்காரர்கள் சொல்கிறார்கள். பின்னால் புதுப்படத் திருட்டைத் தடுக்கத் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய ‘அசோக் குமார்’ ஆணைகளுக்கும் அதுதான் முன்னோடி. சினிமாவைக் காக்கும் சட்டத்துக்கு வழிகாட்டியது கால்பந்து! "நாங்க அப்போ வயசுப் பசங்க. தெரியாத ஆள் சந்துக்குள்ள வந்தாலே கெதக்குனு இருக்கும்" என்று அண்ணன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

2011இல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தது. பொட்டி இல்லாத காலம். பிறகு பொட்டி வந்தது. 2023 பிப்ரவரியில் புதிய விலைக்குக் கையெழுத்துப் போட மறுத்த கேபிள் நிறுவனங்களுக்குப் பெரிய சேனல்கள் நாடு முழுக்கப் படத்தை நிறுத்தின. சில நாள் கறுப்புத் திரை. "மேல ரெண்டு யானை சண்டை. திட்டு வாங்குனது எங்க வசூல் பையன்" என்றார் அக்கா, போண்டாவின் கடைசித் துண்டை ஒருவழியாக முடித்துக்கொண்டு.

பேசிக்கொண்டிருக்கும்போதே மானிட்டரில் திரையின் நடுவே ஒரு நீண்ட எண் தோன்றி மறைந்தது. நீங்களும் வீட்டில் பார்த்திருப்பீர்கள், எரிச்சல்பட்டிருப்பீர்கள். அது உங்கள் பொட்டியின் எண். திருட்டுத்தனமாக யாராவது படத்தை எடுத்து வேறெங்கோ ஓட்டினால் எந்தப் பொட்டியிலிருந்து போகிறது என்று கண்டுபிடிக்கச் சேனல்காரர்கள் அனுப்பும் கைரேகை. ஆட்டம் சூடாகும்போது இதுவும் வரும். தம்பி அதைப் பார்த்ததும் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். இங்கே அது பழைய வேடிக்கையாம்.

சுவரில் ஒரு படம் என்னை இழுத்தது: பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய, மங்கிப்போன சென்னையின் எஃப்சி அணி. 2018 மார்ச் 17. இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) இறுதி ஆட்டம், சென்னையினும் பெங்களூருவும், இங்கிருந்து 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கண்டீரவா மைதானத்தில். ஓசூரே இரண்டாகப் பிளந்து நின்ற ராத்திரி. ஒன்பதாவது நிமிடத்தில் சுனில் சேத்ரி அடித்தபோது ஜூஜூவாடிப் பக்கம் வெடி போட்டார்களாம். பிறகு மெய்ல்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று. 3–2, கோப்பை சென்னைக்கு. "மறுநாள் வசூலுக்குப் போனா பாதி வீட்ல ஸ்வீட்டு, பாதி வீட்ல அப்புறம் வாப்பா" என்றார் தம்பி.

அந்த லீக் நாங்கள் உட்கார்ந்திருந்த அந்த டிசம்பர் இரவில் ஓடவில்லை. அக்காவுக்கு அதற்கும் போன் வருகிறது: "ஐஎஸ்எல் எப்போக்கா?" என்ன சொல்வார் அவர்? 2010இல் இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் தன் வணிக உரிமைகளை 15 வருஷத்துக்கு 700 கோடிக்கு எழுதிக் கொடுத்தது. கடைசியில் அது வருஷத்துக்கு 50 கோடி. ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8 அன்று முடிந்துபோனது. புதிதாக ஏலம் விட்டபோது வருஷத்துக்கு 37.5 கோடி என்று குறைத்தும், நவம்பரில் கெடு முடியும்வரை ஒருவர்கூட விலை கேட்கவில்லை. இதே நாட்டில் 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் கிரிக்கெட்டின் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்குப் போயிருக்கிறது, ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 118 கோடி. ஒரு நாட்டின் கால்பந்து முழுவதற்கும் இரண்டு வருஷத்துக்குக் கொடுத்ததைவிட ஒரு கிரிக்கெட் ஆட்டத்துக்கு அதிகம். எனக்கு இது வலித்தது. ஒளித்துவைக்க மனமில்லை. லீக் பிறகு 2026 பிப்ரவரி 14 அன்று 14 அணிகளோடு, சுருக்கிய வடிவில் தொடங்கியது. ஆனால் அந்த இரவில் அக்கா சொல்ல முடிந்தது, "தெரியலப்பா, வந்தா சொல்றேன்" என்பது மட்டும்தான்.

பதினொன்று. லண்டன். டாட்டன்ஹாமும் லிவர்பூலும். அறையில் பேச்சு நின்றது.

இனிதான் சனிக்கிழமையின் உச்சக்கட்டம், அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. முன்பணம் கட்டும் முறை இப்போது. பல வீடுகளின் பேக் நள்ளிரவில் முடிகிறது. பதினோரு மணி ஆட்டம் பாதி ஓடியிருக்கும்போது பன்னிரண்டு அடிக்கும். அடித்ததும் திரையில் படம் போய் "சந்தா முடிந்தது" என்று வரும்! அக்கா பதினொன்றே முக்காலுக்கே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இன்று முடிகிறவர்களின் பட்டியல் திரையில். ஆட்டம் பார்க்கிற வீடு எது, தூங்குகிற வீடு எது என்று அவருக்கு மனப்பாடம்.

"இவர் டியூட்டியில இருப்பார், காலையில போதும். இவங்க வீட்ல பையன் முழிச்சிருப்பான், போடு. இவர் போன மாசமே பாக்கி…"

"போடும்மா, லிவர்பூல்காரர்" என்றார் அண்ணன்.

நிறுத்தி யோசியுங்கள். புதுப்பிக்க வேண்டுமானால் மேலே இருக்கும் நிறுவனத்திடம் இவர் முன்பே கட்டிவைத்த இருப்பிலிருந்து காசு கழியும். வாடிக்கையாளர் இன்னும் தரவில்லை. அண்ணன் தன் பணத்தைப் போட்டு, ஒன்றிரண்டு ரூபாய் வரும்படிக்காக, நடுராத்திரியில் ஒரு வீட்டுப் பந்தை உருள வைக்கிறார். 11.52. 11.55. கிளிக், கிளிக். இருப்பு குறைந்துகொண்டே வருகிறது. தம்பி தன் போனிலிருந்து அண்ணன் கணக்குக்கு ஆயிரம் ரூபாய் மாற்றினார், யாரும் கேட்காமலே. 11.58. "இன்னும் நாலு வீடு!" ஓடிபி வரவில்லை. வந்தது. கிளிக்.

பன்னிரண்டு. போன் அடிக்கவில்லை. அக்கா இரண்டு கையையும் தூக்கிச் சோம்பல் முறித்தார். நான் கைதட்டியேவிட்டேன்.

இரண்டாம் பாதியில் லிவர்பூல் கோல் போட்டது. ஜன்னல் வழியாகக் கேட்டது அந்தச் சத்தம்: எதிர் மாடியில் ஒன்று, தெருக்கோடியில் ஒன்று. தம்பி ஜன்னலில் தொங்கியபடி எந்தெந்த வீடு என்று விரல் விட்டார். தன் லைனில் போகிற கோல் அல்லவா! ஆட்டம் 2–1 என்று லிவர்பூல் பக்கம் முடிந்தது. டாட்டன்ஹாம் ரசிகர் ஒருவர் மட்டும் போன் போட்டு, படம் சரியாகத் தெரியவில்லை என்று புகார் கொடுத்தார். அக்கா, "தோத்துட்டாங்களாண்ணா? சரி, தூங்குங்க" என்று வைத்துவிட்டார்.

கிளம்பும்போது அண்ணன் ஒன்று சொன்னார். அதை நான் அப்படியே ஆமோதிக்கிறேன். 2007இல் வந்த சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களின் படத்தை உரிமை வாங்கியவர்கள் பிரசார் பாரதிக்கும் தர வேண்டும். உலகக் கோப்பைக் கால்பந்தின் முக்கிய ஆட்டங்கள் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் தூர்தர்ஷன் அதைத் தன் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், கேபிளுக்குத் தரக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விடுதி மொட்டைமாடியில் தனி டிஷ் வைக்க இடமில்லாத தொழிலாளிக்கு, இலவச ஆட்டம் இலவசமாக வந்து சேரவில்லை. நாடாளுமன்றம் சட்டத்தில் ஒரு வரி திருத்தினால் போதும். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் வாக்கு கேட்டு வருகிறவர்களிடம் இதை நாம் கேட்க வேண்டும்.

அதுவரைக்கும் உங்கள் கையில் இருப்பது ஒன்று. பெரிய பேக் முழுவதையும் வாங்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. எந்தக் கட்டணச் சேனலையும் தனியாகக் கேட்கலாம். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், விதி அப்படி. 19 ரூபாய்ச் சேனல் என்றால் வரியோடு 22 ரூபாய் 42 காசு. பதினோரு மணி ஆட்டம் இருக்கிற சனிக்கிழமையில், பேக் முடிகிற தேதியைச் சாயங்காலமே பார்த்துக் காசைக் கட்டிவிடுங்கள்.